ஷட்டர் சிக்கிக்கொண்டால் யாரிடம் போவது? ஒரு சின்ன இயந்திரத்தின் வரலாறும் அதைப் பழுது பார்த்த கைகளும்



கொஞ்ச நாளாக உங்களில் சிலர் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்கிறீர்கள். "டீச்சர், தாத்தா கேமரா பரணில் கிடைத்தது. பிலிம் போட்டுப் பார்த்தோம், எல்லாம் வெறுமையாக வந்தது." "டீச்சர், பட்டனை அழுத்தினால் சத்தமே வரவில்லை." "டீச்சர், திறந்தது திறந்தபடியே நிற்கிறது." பிலிம் கேமரா மறுபடி இளைஞர்களிடம் மவுசாகி வருகிறது என்று தெரிகிறது. மகிழ்ச்சி. மூன்று கேள்விக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், ஷட்டர். அதை எங்கே சரி செய்வது என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நூற்றைம்பது வருடக் கதை இருக்கிறது, நம் ஊரும் அதில் வருகிறது. அதனால் வழக்கம்போல நீளமாகத்தான் எழுதப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் கொட்டாவி விட்டவர்களை நான் மறக்கவில்லை.

முதலில் ஷட்டர் என்றால் என்ன என்று பார்ப்போம். நேரு வீதியில் இரவு ஒன்பது மணிக்கு மேல் நடந்தால் கடை ஷட்டர்கள் கடகடவென்று இறங்கும் சத்தம் கேட்கும். கேமராவுக்குள் இருப்பதும் அதேதான். கடை ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் வாடிக்கையாளர் உள்ளே வருவார், கேமரா ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் வெளிச்சம் உள்ளே வரும். கடை பன்னிரண்டு மணி நேரம் திறந்திருக்கிறது. கேமரா ஒரு நொடியில் 125ல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். ஐந்தாம் வகுப்பில் நாம் செருப்புப் பெட்டியில் ஊசித்துளை கேமரா செய்தோமே, நினைவிருக்கிறதா? துளையின் மேல் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தைத் தூக்கி, பத்து எண்ணி, மறுபடி மூடச் சொன்னேன். அந்தக் காகிதம்தான் ஷட்டர். உங்கள் விரல்தான் அதன் ஸ்பிரிங்.

புகைப்படக் கலை பிறந்தபோது ஷட்டரே கிடையாது. 1839ல் பிரான்சில் டாகரின் முறையை அரசாங்கம் உலகுக்கு அறிவித்தது. அப்போது ஒரு படம் பதிய நிமிடக் கணக்கில் வெளிச்சம் வேண்டும். லென்சின் மூடியைக் கழற்றுவார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள், மூடுவார்கள். நிமிடக் கணக்கு வேலைக்குக் கையே போதும். நம் பக்கத்தில் இப்படி வேலை செய்தவர்களில் பெரியவர் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலப் படை அதிகாரி. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858ல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று மாட்டு வண்டிகளில் பெரிய கேமராவையும் மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களையும் ஏற்றிக்கொண்டு சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளமான தாளாக ஒட்டினார். அந்தப் படங்களைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கல் துல்லியமாக இருக்கும், மனிதர்கள் இருக்க மாட்டார்கள். நடந்து போனவர்கள் அந்த நீண்ட நேரத்தில் பதியாமலே போய்விட்டார்கள். ஷட்டர் இல்லாத காலத்தில் அசையாதவர்களுக்கு மட்டும்தான் படத்தில் இடம்.

1871ல் ரிச்சர்ட் மேடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர் தகடு பற்றி எழுதினார். அடுத்த பத்து வருடத்தில் அது மிக வேகமான தகடாக வளர்ந்தது. நொடியில் ஒரு பங்கு வெளிச்சமே போதும் என்ற நிலை வந்தது. மனிதக் கைக்கு அந்த வேகம் கிடையாது. அங்கேதான் ஷட்டர் என்ற இயந்திரத்துக்கு அவசியம் வந்தது. மான்செஸ்டரில் 1880களின் இறுதியில் தொடங்கிய தார்ன்டன்-பிக்கார்டு கம்பெனி ஒரு மரப்பெட்டி செய்தது. உள்ளே நடுவில் ஓட்டை வெட்டிய கறுப்புத் துணிச்சுருள் இருக்கும். கயிற்றை இழுத்தால் ஸ்பிரிங் முறுக்கேறும், ரப்பர் குமிழை அழுத்தினால் துணி சரேலென ஓடும், ஓட்டை லென்சைக் கடக்கும் நேரம்தான் படத்தின் நேரம். இந்தப் பெட்டியைப் பழுது பார்ப்பது எளிது. துணி கிழிந்தால் தையற்காரர், கயிறு அறுந்தால் யார் வேண்டுமானாலும்.

ஆனால் நம் ஊர் ஸ்டூடியோக்களில் மூடியைக் கழற்றி மாட்டும் வழக்கம் வெகுநாள் உயிரோடு இருந்தது. என் சின்ன வயதில், 1960களில், குடும்பத்தோடு ஸ்டூடியோவுக்குப் போனது நினைவிருக்கிறது. மூன்று கால் மரக் கேமரா, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்த மாமா. "அசையக் கூடாது, கண் சிமிட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு மூடியைக் கழற்றி, காற்றில் ஒரு வட்டம் போட்டு, திரும்ப மாட்டுவார். அந்த வட்டம்தான் அவருடைய ஷட்டர். பழுதே ஆகாத ஷட்டர்! ஆனால் என் தங்கை அசைந்துவிட்டாள். இன்றும் எங்கள் வீட்டுப் படத்தில் அவளுக்கு இரண்டு மூக்கு.

அடுத்து வந்ததுதான் உங்களில் பலரின் பரணில் கிடப்பது, கடிகார ஷட்டர். ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஃப்ரீட்ரிக் டெக்கல் என்பவரின் தொழிற்சாலை 1912ல் 'காம்பூர்' என்ற ஷட்டரைக் கொண்டு வந்தது. லென்சுக்கு நடுவிலேயே மெல்லிய எஃகு இதழ்கள், பூ விரிவதுபோல் விரிந்து மூடும். எவ்வளவு நேரம் விரிந்திருக்க வேண்டும் என்பதை ஒரு குட்டிப் பல்சக்கரக் கூட்டம் தீர்மானிக்கும். கைக்கடிகாரத்துக்குள் இருப்பதைப் போன்ற அதே ஏற்பாடு. ஒரு நொடி என்று வைத்து அழுத்தினால் 'ஸ்ர்ர்ர்...டிக்' என்று அந்தச் சக்கரங்கள் ஓடும் சத்தம் காதில் கேட்கும். ஜெர்மனியிலேயே காடு சூழ்ந்த கால்ம்பாக் என்ற ஊரில் 'ப்ரான்டார்' என்ற இன்னொரு வகை உருவானது. லென்ஸ் யாருடையதாக இருந்தாலும், கேமரா யாருடையதாக இருந்தாலும், நடுவில் இந்த இரண்டில் ஒன்று இருப்பது அக்காலத்தில் சாதாரணம்.

இங்கே நம் புதுச்சேரி வருகிறது. பிரெஞ்சுக் காலத்தில் நம் ஊருக்குத் தனி வணிகம், தனிச் சுங்கம். 1941ல் பிரிட்டிஷ் இந்தியாவோடு சுங்க ஒன்றியம் ஏற்பட்டது, 1949ல் இந்தியா அதை முடித்துக்கொண்டது. எல்லையைச் சுற்றிச் சுங்கச் சாவடிகள் முளைத்தன. 1954 நவம்பர் 1ல் ஆட்சி கை மாறும்வரை வெளிநாட்டுச் சரக்குகளுக்கு, குறிப்பாகக் கைக்கடிகாரங்களுக்கு, புதுச்சேரி பேர் போன இடம். அதோடு பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா போன நம் வீட்டு ஆண்கள் வேறு. சொல்தா என்றால் உங்களுக்கே தெரியும். விடுமுறைக்கு வரும் சொல்தாவின் பெட்டியில் துணி, சோப்பு, பிஸ்கட் டின், கைக்கடிகாரம் இருக்கும், சிலரிடம் கேமராவும் இருக்கும். எங்கள் பெரியப்பா சைகோனிலிருந்து ஒரு ஜெர்மன் மடக்குக் கேமரா கொண்டு வந்தார். பொத்தானை அழுத்தினால் தோல் துருத்தியோடு லென்ஸ் வெளியே வரும். தெருவே வந்து பார்த்ததாம்.

கடிகாரம் நிறைய இருக்கும் ஊரில் கடிகாரம் பழுது பார்ப்பவரும் இருப்பார். கேமரா ஷட்டரைப் பழுது பார்த்தவர்களும் அவர்களே. 1970களில் பெரியப்பா கேமராவின் ஷட்டர் சிக்கியது. வேகமான எண்களில் ஓடும், ஒரு நொடி, அரை நொடி என்று வைத்தால் திறந்தபடியே நின்றுவிடும். நம் கடற்காற்றுக்கு இது வாடிக்கை. ஈரமும் உப்பும் ஒருபக்கம், வருடக்கணக்கில் பிசினாக மாறிய எண்ணெய் மறுபக்கம். பெரியப்பா அதைப் பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு வாட்ச் ரிப்பேர் பெரியவரிடம் கொண்டு போனார், நானும் கூடப் போனேன். கண்ணில் கறுப்புக் குழல் பூதக்கண்ணாடி, முன்னால் கண்ணாடி மூடி போட்ட சின்ன மேசை. "கேமரா பார்ப்பீங்களா?" என்று பெரியப்பா கேட்டதற்கு, "இதுவும் மணிதானே முசே, மணி காட்டாது, அவ்வளவுதான்" என்றார்.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இன்றும் இதுதான் முறை. முன் லென்சைத் திருகிக் கழற்றினார். எண்கள் எழுதிய வளையத்தை எடுத்தார். ஒவ்வொன்றையும் எடுத்த வரிசையிலேயே வெள்ளைத் துணியில் இடமிருந்து வலமாக அடுக்கினார், திரும்பப் பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுக்க வேண்டும் என்பதற்காக. மெதுவேகச் சக்கரத் தொகுதியைத் தனியாக எடுத்து, வாட்ச் கழுவுவதுபோலச் சுத்தமான பெட்ரோலில் கழுவி உலர்த்தினார். இதழ்களைத் துடைத்தார். எண்ணெய் போடவே இல்லை. பெரியப்பா கேட்டதற்கு, "இதழுக்கு எண்ணெய் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அது வறண்டுதான் இருக்கணும். சக்கரத்தின் அச்சு முனையில் மட்டும் ஊசி நுனியளவு" என்றார். எண்ணெய் இல்லாததால் சிக்கவில்லை, எண்ணெயால்தான் சிக்கியது! அன்றைக்கு எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது.

பழுது பார்த்த ஷட்டர் சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு நொடியைக் காதால் கேட்டுவிடலாம். 25ல் ஒரு நொடியை? இதற்கு அக்காலத்தில் அழகான வழி ஒன்று உண்டு. கணக்குப் பாடம் வருகிறது, ஓடிவிடாதீர்கள். கிராமபோன் எல்.பி. தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால்… இல்லை, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும் சுற்று சுற்றும் (யார் கவனிக்கிறீர்கள் என்று பார்த்தேன்). ஒரு சுற்று 360 பாகை. அப்படியானால் நிமிடத்துக்கு 12,000 பாகை, நொடிக்கு 200 பாகை. தட்டின் மேல் ஒரு வெள்ளைக் கோடு ஒட்டி, ஓடவிட்டு, 25ல் ஒரு நொடியில் படம் எடுத்தால் கோடு 8 பாகை அகலத்துக்கு விசிறிபோல் பதிய வேண்டும். 12 பாகை வந்தால் ஷட்டர் தாமதிக்கிறது, உண்மையில் 17ல் ஒரு நொடி ஓடுகிறது என்று அர்த்தம். ஆய்வகம் வேண்டாம், பாட்டுத் தட்டும் பாகைமானியும் போதும். இன்று உங்கள் கைப்பேசியிலேயே இதற்குச் செயலி வந்துவிட்டது. ஆனாலும் ஒருமுறை தட்டில் செய்து பாருங்கள்.

இன்னொரு வகை ஷட்டர் லென்சில் இல்லை, பிலிமுக்கு முன்னால் இருக்கிறது. 1925ல் லைப்சிக் சந்தையில் வெளிவந்த லைக்கா கேமராவில் ரப்பர் பூசிய துணித்திரைகள் இரண்டு. முதல் திரை ஓடித் திறக்கும், இரண்டாவது திரை துரத்திக்கொண்டு வந்து மூடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாக வெளிச்சம் பிலிமைத் தொடும். வேகம் கூடக்கூட இந்த இடைவெளி ஒரு கீற்றாகக் குறுகும். சின்னக் கேமரா, சத்தம் குறைவு, கையில் வைத்தே எடுக்கலாம். அந்த லைக்காவோடு 1950 ஏப்ரலில் நம் ஊருக்கு வந்தவர் பிரான்சின் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். பல ஆண்டுகளாகப் படமே எடுக்கப்படாமல் இருந்த ஸ்ரீ அரவிந்தரை அவர் அறையிலேயே எடுத்தார். அன்னையையும் ஆசிரம வாழ்க்கையையும் எடுத்தார். அந்த ஆண்டு டிசம்பர் 5ல் அரவிந்தர் மறைந்தார். அந்தத் துணித்திரை அன்று சிக்கியிருந்தால் அவருடைய முதுமைக் காலத்தின் முகம் நமக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

துணித்திரைக்கு இரண்டு வியாதிகள். ஒன்று, லென்சைத் திறந்தபடி கேமராவை வெயிலில் வைத்தால், பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பதுபோல லென்ஸ் துணியில் ஓட்டை போட்டுவிடும். எடுக்கும் எல்லாப் படத்திலும் வெள்ளைப் புள்ளி விழும். கறுப்புத் துணிச்சாயம் பூசி அடைப்பார்கள், ஓட்டை பெரிதானால் திரையையே மாற்ற வேண்டும். இரண்டாவது, ஸ்பிரிங் தளர்ந்து முதல் திரை மெதுவாகப் போக, பின்னால் வரும் திரை அதை எட்டிப் பிடித்துவிடும். ஓட்டப் பந்தயம்போல. எட்டிப் பிடித்த இடத்திலிருந்து கீற்று மூடிப்போகும், அதற்கப்புறம் பிலிமில் வெளிச்சமே விழாது. படத்தின் ஒரு ஓரம் கறுப்பாக வரும்.

இந்த இரண்டாவது வியாதியை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1989 மார்ச்சில் நம் ஐந்தாம் வகுப்பு குரூப் போட்டோ எடுத்தோம். அந்த வகுப்புப் பிள்ளைகள் பலர் இதைப் படிக்கிறீர்கள். வேப்பமரத்தடி, மூன்று வரிசை, உச்சி வெயில். வழக்கமாக வரும் ஸ்டூடியோக்காரரே வந்தார், வெயில் அதிகம் என்று வேகத்தைக் கூட்டி வைத்து எடுத்தார். நான்கு நாள் கழித்துப் பிரிண்ட்டோடு வந்தவர் முகமே சரியில்லை. எடுத்தது மூன்று படம், மூன்றிலும் ஒரு ஓரம் இருண்டிருந்தது. அந்த ஓரத்தில் நின்ற ஐந்து பேரில் மூன்று பேர் நிழல்போலத் தெரிந்தார்கள், இரண்டு பேர் தெரியவே இல்லை. மெதுவான வேகத்தில் எடுத்த கல்யாணப் படங்களெல்லாம் நன்றாக வந்துகொண்டிருந்ததால் அவருக்கு அதுவரை சந்தேகமே வரவில்லை. மெதுவேகத்தில் கீற்று அகலமாக இருக்கும், எட்டிப் பிடித்தாலும் தெரியாது.

அவர் மறுநாளே கேமராவைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினார். மவுண்ட் ரோடு பக்கம் மாடியில் இருந்த ஒரு ரிப்பேர்காரரிடம் கொடுத்தார். திரைகளின் இழுவையைச் சரி செய்து, காய்ந்த கிரீசைக் கழுவி, திரும்பிவர மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் முழுஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நம் பள்ளியும் முடிந்துவிடும். யாரைக் கூட்டி வந்து மறுபடி நிற்க வைப்பது?

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில், படத்தில் தெரியாமல் போன அந்த இருவரில் ஒருவன் காய்ச்சலில் போய்விட்டான். பெயரை இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்து அவன் அம்மா பள்ளிக்கு வந்தார். "டீச்சர், பிள்ளைகளோட சேர்ந்து எடுத்தீங்களே, அதுல அவன் இருப்பானே" என்றார். வீட்டில் வேறு படமே இல்லை. இன்று ஒரு குழந்தைக்கு ஒரு வயது முடிவதற்குள் ஆயிரம் படம் எடுக்கிறோம். அன்று கூலி வேலை செய்யும் குடும்பத்தில் ஒரு பிள்ளை பத்து வயதுவரை ஒரு படம்கூட இல்லாமல் வளர்வது சர்வ சாதாரணம். நான் அவரை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனேன். அந்த மனிதர் பழைய நெகட்டிவைத் தேடி எடுத்து, டார்க் ரூமில் அந்த ஓரத்துக்கு மட்டும் கையால் நிழல் கொடுத்துக் கொடுத்து, பதினைந்து இருபது பிரிண்ட் போட்டுப் பார்த்தார். காசு வாங்கவில்லை. கடைசியில் ஒரு காது, கன்னத்தின் ஒரு பகுதி, சட்டைக் காலர், இவ்வளவு வந்தது. நெகட்டிவில் வெளிச்சம் விழவே இல்லையென்றால் எந்த டார்க் ரூமாலும் வரவழைக்க முடியாது. அந்தத் தாய் அதை வாங்கிப் பார்த்து, "இது அவன் காதுதான்" என்று சொல்லி முந்தானையில் வைத்துக்கொண்டார்.

ஷட்டர் பழுது என்பது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் காதுதான் ஞாபகம் வரும்.

சரி, ஒரு ஷட்டரைச் சரி செய்ய ஏன் மூன்று வாரம்? அக்காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தெரிந்துகொண்டால்தான் புரியும். வெளிநாட்டுக் கேமராவுக்குக் கடுமையான வரி, உதிரிப் பாகங்கள் கடையில் கிடைக்காது. இந்தியாவிலேயே செய்தவை சில இருந்தன. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் ஆக்ஃபா கிளிக் III செய்தது. 120 பிலிமில் பன்னிரண்டு சதுரப் படம், ஷட்டருக்கு ஒரே வேகம், வெயிலா மேகமா என்று மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் அப்பா அம்மா கல்யாணத்துக்கு முந்தைய படங்களில் பாதி அதில் எடுத்ததாக இருக்கும். கல்கத்தாவில் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அரசு நிறுவனம் நேஷனல் 35 என்ற கேமரா செய்தது. பிலிமுக்கு ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960ல் தொடங்கி 1967ல் உற்பத்திக்கு வந்தது. அதற்குத் தொழில்நுட்பம் கொடுத்தது பிரான்சின் போஷே கம்பெனி. 'இந்து' என்று பெயர் போட்ட அந்தக் கறுப்பு வெள்ளை பிலிமை நம் ஸ்டூடியோக்கள் எல்லாம் வாங்கின. இன்று அந்தத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது.

நல்ல ஜப்பான் கேமரா வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டு வர வேண்டும், இல்லையென்றால் சென்னை பர்மா பஜார். பர்மாவிலிருந்து அகதிகளாக வந்த நம் மக்களுக்காக 1969ல் உருவான கடைவீதி அது. கேமரா கிடைக்கும், அதற்கு ஸ்பிரிங் கிடைக்காது. அதனால் ரிப்பேர்காரர்கள் உடைந்த கேமராக்களை எடைக்கு வாங்கி வைத்து, ஒன்றின் பாகத்தை இன்னொன்றுக்குப் போட்டார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் கடிகார ஸ்பிரிங்கை வெட்டி வளைத்தார்கள், திருகாணியைத் தாங்களே கடைந்தார்கள். எந்தக் கம்பெனியும் இவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை, கையேடு கிடையாது. ஒரு கேமராவைத் திறந்து பார்த்து அடுத்ததைக் கற்றுக்கொண்டார்கள். ஆசிரியர் பயிற்சியில் 'செய்து கற்றல்' என்று எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. அதை நான் புரிந்துகொண்டது இவர்களைப் பார்த்துத்தான்.

பழுது பார்ப்பதிலிருந்து மாற்றுவதற்குக் காலம் எப்படி மாறியது? 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் கோபல் கம்பெனி, மேலிருந்து கீழாக ஓடும் உலோகத் தகடு ஷட்டரை ஒரே தொகுதியாகச் செய்து பல கம்பெனிகளுக்கு விற்றது. துணித்திரைபோல உள்ளேயே தைத்துக் கட்ட வேண்டியதில்லை, தொகுதியாகக் கழற்றி வேறு தொகுதி போட்டுவிடலாம். பிறகு மின்னணு வந்தது. 1966ல் வந்த யாஷிகா எலக்ட்ரோ 35 போன்ற கேமராக்களில் ஷட்டரின் நேரத்தைப் பல்சக்கரத்துக்குப் பதில் மின்சுற்று தீர்மானித்தது. பேட்டரி தீர்ந்தால் வேகமும் போச்சு. வாட்ச் பெரியவரின் பூதக்கண்ணாடியில் மின்சுற்றின் கோளாறு தெரியாது. 1980களில் குவார்ட்ஸ் கடிகாரம் வந்து அவருடைய சொந்தத் தொழிலையும் அடித்தது. இரண்டு தொழிலும் ஒரே சமயத்தில் ஒரே காரணத்தால் போயின.

பிறகு டிஜிட்டல். 2012ல் ஈஸ்ட்மேன் கோடக் கம்பெனியே திவால் மனு கொடுத்தது. கைப்பேசியில் படம் எடுக்கும்போது 'கிளிக்' என்று கேட்கிறதே, அது பதிவு செய்த ஒலி. பெரும்பாலான கைப்பேசிகளில் ஓடுகிற ஷட்டர் என்று ஒன்று கிடையாது. சத்தம் மட்டும் மிச்சம். ஆனால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, 2024ல் பென்டாக்ஸ் மறுபடி ஒரு புதிய பிலிம் கேமராவை வெளியிட்டது. நீங்கள் பரணில் தேடுவதும் அதனால்தான்.

இனி நீங்கள் கேட்டதற்குப் பதில். முதலில் நீங்களே பார்க்க வேண்டியவை. பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, ஒவ்வொரு எண்ணிலும் அழுத்திப் பாருங்கள். ஒரு நொடியில் வைத்து வாயால் எண்ணுங்கள். வேகமான எண்ணில் வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி அழுத்தினால் முழுச் சட்டமும் ஒருகணம் பளிச்சிட வேண்டும், ஒரு ஓரம் இருட்டாகவே இருந்தால் முன்பு சொன்ன ஓட்டப் பந்தய வியாதி. 1970களுக்குப் பிந்தைய கேமரா என்றால் முதலில் புது பேட்டரி போடுங்கள், பேட்டரி அறையில் பச்சைப் பூசணம்போல உப்பு படிந்திருக்கிறதா பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். துணித்திரையை விரலால் தொடாதீர்கள். சைக்கிள் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதையும் உள்ளே அடிக்காதீர்கள். வாட்ச் பெரியவர் சொன்னதை நினைவில் வையுங்கள், இதழ் வறண்டுதான் இருக்க வேண்டும்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். கழுவிச் சரி செய்வதா, பாகம் மாற்றுவதா? மாற்றுவதென்றால் பாகம் எந்தக் கேமராவிலிருந்து வருகிறது? சரி செய்த பின் ஒவ்வொரு வேகத்தையும் அளந்து காட்டுவீர்களா? இதழ் ஷட்டர் சிக்கியிருந்தால் பெரும்பாலும் கழுவினாலே போதும். துணி கிழிந்திருந்தால் மாற்றலாம், ஆனால் கை தேர்ந்தவர் வேண்டும். மின்சுற்று செத்திருந்தால் அதே மாதிரி இன்னொரு கேமராவை வாங்கிப் பாகம் எடுப்பதுதான் வழி. சென்னையில் இந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் வயதாகிவிட்டது. கொடுப்பதென்றால் தள்ளிப் போடாதீர்கள். கேமராவை அலமாரியில் துணி சுற்றிப் பூட்டி வைக்காமல், மாதம் ஒருமுறை எடுத்து எல்லா வேகத்திலும் அழுத்தி ஓடவிடுங்கள். நம் கடற்காற்றுக்கு அதுதான் மருந்து.

படங்களைக் காப்பாற்ற நம் ஊரிலேயே பெரிய வேலை நடந்திருக்கிறது. 1955ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்களின் 1,60,000க்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய தமிழ் ஸ்டூடியோக்களின் படங்களையும் தேடி மின்மயமாக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் கேமராவை ஓடவைத்தவர்களின் பெயர் எந்தக் காப்பகத்திலும் இல்லை. படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோவின் முத்திரை இருக்கும். அந்தக் கேமராவின் ஷட்டரைக் கழுவி உயிர் கொடுத்தவரின் முத்திரை எங்கும் கிடையாது.

அதனால் இரண்டு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ கேமரா, கடிகாரம், ரேடியோ பழுது பார்த்த பெரியவர் யாராவது இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே போய்ப் பேசுங்கள். எங்கே கற்றார், எதை வைத்து உதிரிப் பாகம் செய்தார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவருடைய கருவிப் பெட்டியை எடைக்குப் போட விடாதீர்கள்.

இரண்டாவது, 1989 ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. அந்த வருடம் விளையாட்டு விழாவிலோ, யார் வீட்டுக் காதுகுத்திலோ, கோயில் திருவிழாவிலோ எடுத்த படம் ஏதாவது உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால் ஒருமுறை ஓரங்களைப் பாருங்கள். அவன் நின்றிருக்கலாம். அவன் அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது, இதே ஊரில்தான் இருக்கிறார். கிடைத்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். நான் கொண்டு போய்க் கொடுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
புதுச்சேரி